காயலான் கடைப் புகையும் நம் கடைச் சரக்கும்

பழைய உலோகங்களை எரித்தும் உருக்கியும் எடுக்கும் இடங்களிலிருந்து வரும் நாற்றத்தைப் பற்றி உறுப்பினர்கள் சிலர் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். அஸ்தினாபுரம், செம்பாக்கம், சிட்லபாக்கம், குரோம்பேட்டை வட்டாரத்து மளிகைக் கடைக்காரர்களுக்கு இது புதிய தொல்லை அல்ல. இரவில் காலி மனையில் யாராவது ஒயர் எரித்தால், காலையில் கடை திறக்கும்போதும் அந்தக் கருகல் வாடை தெருவில் நிற்கிறது. தேயிலைத் தூள் வாங்கிப்போன வீட்டம்மா மறுநாளே கொண்டுவந்து, "ரப்பர் வாடை அடிக்குது அண்ணாச்சி" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். எரித்தவன் யாரோ, நட்டம் நமக்கு.

ஆகவே இந்த நாற்றம் எதிலிருந்து வருகிறது, அதை அடக்க உருக்காலைக்காரர் செய்யக்கூடியது என்ன, கடைக்காரர்களாகிய நம் பங்கு என்ன என்பதை நமக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

உலோகம் நாறுவதில்லை

கல்லாப்பெட்டிச் சில்லறையை எண்ணி முடித்துக் கையை மோந்து பாருங்கள். ஒரு வாடை வரும். காசு வாடை, இரும்பு வாடை என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2006ஆம் ஆண்டு வெளிவந்த வேதியியல் ஆய்வு ஒன்று, அது இரும்பின் வாடையே அல்ல என்று காட்டியது. நம் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை இரும்பு பட்டு உடையும்போது எழும் ஆவிதான் மூக்கில் ஏறுகிறது. இரும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உருக்காலையிலும் சங்கதி இதேதான். நாறுவது பெரும்பாலும் உலோகம் அல்ல, உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு உலைக்குள் போன பொருள். டின்னின் அடியில் தங்கிய எண்ணெய், தகரத்தின் மேலுள்ள பெயிண்ட், மோட்டார் சுருளில் பூசிய வார்னிஷ், பாத்திரத்தின் பேக்கலைட் கைப்பிடி, செம்புக் கம்பியின் பி.வி.சி. உறை, டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பியைச் சுற்றிய ரப்பர், பேட்டரிக்குள் ஊறிய அமிலம் ஆகியவைதான் குற்றவாளிகள்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாற்றம் உண்டு. வடைச் சட்டியில் எண்ணெய் அளவு மீறிக் காய்ந்தால் கண்ணில் நீர் வருமே, அது அக்ரோலின் என்ற ஆவி. எண்ணெய் ஒட்டிய டின்னை உருக்கினாலும் அதுதான் வரும். ரப்பரில் கந்தகம் சேர்த்திருப்பதால் டயர் எரிந்தால் கந்தக வாடை தூக்கும். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு தொண்டையைப் பிடிக்கும். பேக்கலைட் கருகினால் பழைய காலத்து ஆஸ்பத்திரி வாடையான பீனால். பேட்டரித் தகடுகளில் ஈய சல்பேட் இருப்பதால் அவற்றை உருக்கும்போது, தீக்குச்சி கிழித்தவுடன் மூக்கில் குத்தும் அதே சல்பர் டை ஆக்சைடு வரும்.

தூத்துக்குடியில் 2013 மார்ச் 23ஆம் நாள் காலை மக்கள் மூச்சுத் திணறியதாகப் புகார் எழுந்து, தாமிர ஆலையை மூட உத்தரவு போட்டதும் இந்தச் சல்பர் டை ஆக்சைடு சம்பந்தமாகத்தான். ஆனால் அங்கே கந்தகம் தாதுப்பொருளிலேயே கலந்திருந்தது. பழைய உலோகத்தில் கெடுதல் செய்யும் பொருள் வெளியிலிருந்து ஒட்டியது. ஒட்டியதைக் கழற்ற முடியும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

உணவு தானியக் கிடங்கு வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. அலுமினியம் உருக்கியபின் மேலே மிதக்கும் கசடை வழித்து வெளியே கொட்டுவார்கள். அது காய்ந்திருக்கும்வரை சாதுவாக இருக்கும். மழையில் நனைந்தால் அதிலுள்ள அலுமினியம் நைட்ரைடு தண்ணீரோடு சேர்ந்து அம்மோனியாவை விடும். மூக்கை அறுக்கும். சில கசடில் அலுமினியம் பாஸ்பைடும் கலந்திருக்கும். அதிலிருந்து வரும் பூண்டு போன்ற வாடை மொத்த வியாபாரிகளுக்குப் பழக்கமானதே. மூட்டைகளுக்குப் பூச்சி மருந்து வைக்கும் மாத்திரையும் அதே பாஸ்பைடுதான். அந்த மாத்திரை வைத்த கிடங்கைப் பூட்டி முத்திரை வைக்கிறோம். கசடைத் திறந்த வெளியில் கொட்டுகிறவர் அப்படிச் செய்வதில்லை. கசடுக்கு வேண்டியது ஒரு கூரையும் உயர்த்திய தரையும்தான். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்.

எரித்த செம்பும் உரித்த செம்பும்

நம் வட்டாரத்தில் மூக்குக்கு எட்டும் தொல்லையில் பெரும்பகுதி ஆலைப் புகைபோக்கியிலிருந்து வருவதல்ல, திறந்த வெளியில் ஒயர் எரிப்பதால் வருவது என்பது நமது கணிப்பு. எரிப்பவர் ஏழை. ஒயரை உரிக்க நேரமாகும், எரித்தால் அரை மணியில் செம்பு கையில் நிற்கும் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு தவறு என்பதை எடுத்துச் சொல்ல வியாபாரிதான் சரியான ஆள். எரித்த செம்பின் மேல் கருப்பு ஏறிவிடுகிறது, மெல்லிய கம்பி பொடிந்து போகிறது, அதனால் சந்தையில் அது இரண்டாம் தரம். உரித்து எடுத்த பளபளப்பான செம்புக்கு எப்போதும் கூடுதல் விலை. உரித்த பி.வி.சி. உறையையும் எடைக்குப் போடலாம். கையால் சுற்றும் உரிப்பு இயந்திரமும் உண்டு, மோட்டாரில் ஓடுவதும் உண்டு. மெல்லிய கம்பிகளை நொறுக்கிச் செம்பை வேறு, பிளாஸ்டிக்கை வேறு எனப் பிரிக்கும் பெரிய இயந்திரங்களும் வந்துவிட்டன.

எரிப்பதில் நாற்றத்தைவிடப் பெரிய கெடுதலும் உண்டு. பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. அது அரைகுறையாக எரியும்போது பக்கத்தில் செம்பு இருந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாவது எளிதாகிறது. நிலைத்து நிற்கும் நஞ்சுகளைப் பற்றிய 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், செம்புக் கம்பிகளை எரிப்பதைப் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார்கள். இந்தியா 2006இல் அதை ஏற்றது. டையாக்சின் மண்ணில் படிந்து, புல்லில் ஏறி, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலுக்கு வரும். ஏரிக்கரையில் எரித்தால் தெருவோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

புகையை அடக்கும் வழிகள்

ஒழுங்காக நடக்கும் உருக்காலையில் முதல் வேலை உலைக்கு வெளியே நடக்கிறது. வந்த சரக்கைத் தரம் பிரித்து, எண்ணெயை வடித்து, ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கழற்றி, ஈரத்தைக் காய வைப்பார்கள். இதில் செலவழிக்கும் ஒரு ரூபாய், பின்னால் புகையைக் கழுவச் செலவழிக்கும் பல ரூபாயை மிச்சப்படுத்தும்.

அடுத்தது புகையைப் பிடிப்பது. உலை வாயைத் திறந்து சரக்குப் போடும் நேரத்தில்தான் பெரும் புகை குபீரென்று கிளம்பும். அந்த வாய்க்கு மேலே கவிகை வைத்து, விசிறியால் இழுத்துக் குழாயில் விட வேண்டும். கவிகை இல்லாத ஆலையில் புகைபோக்கி எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை. புகை கூரை இடுக்கு வழியாக நேரே தெருவுக்கு வந்துவிடும்.

பிடித்த புகையை முழுக்க எரித்துவிடுவது நாற்றத்துக்கு நல்ல மருந்து. அரைகுறையாக எரிந்ததுதான் நாறுகிறது. முழுக்க எரிந்தால் அந்த எண்ணெய் ஆவி கரியமில வாயுவும் நீராவியுமாக மாறிவிடும். இதற்கென்றே உலைக்குப் பின்னால் இரண்டாவது எரிப்பு அறை வைக்கிறார்கள். அதில் 850 டிகிரி செல்சியஸ் வெப்பம், குறைந்தது 2 விநாடி நேரம், போதிய காற்று, நல்ல கலக்கல் ஆகியவை வேண்டும். குளோரின் அதிகமுள்ள சரக்கானால் 1100 டிகிரி வேண்டும். எரித்த புகையை ஆற அமரக் குளிரவிடக் கூடாது என்பதும் ஒரு நுணுக்கம். சுமார் 450 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் நடுவே மெதுவாக இறங்கினால் போன டையாக்சின் மறுபடி உருவாகும். ஆகவே அந்த இடைவெளியைச் சட்டென்று தாண்ட வைப்பார்கள்.

பிறகு தூசி. துணிப்பைகள் வரிசையாகத் தொங்கும் வடிகட்டி தூசியைப் பிடிக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். "பில்டர் போட்டிருக்கிறோம்" என்று யாராவது சொன்னால் எந்த பில்டர் என்று கேளுங்கள். சல்லடையில் மாவைச் சலித்தால் கப்பி நிற்கும், மாவின் வாசனை நிற்குமா? துணி வடிகட்டி ஈயத்தூசியையும் துத்தநாகத் தூசியையும் பிடிக்கும், அது மிகவும் தேவை. வாயுவாக வரும் நாற்றம் அதனூடே போய்விடும்.

வாயுவைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, தண்ணீரில் கழுவுதல். அமில வாயுவுக்குக் காஸ்டிக் சோடா அல்லது சுண்ணாம்பு கலந்த தண்ணீர், அம்மோனியாவுக்கு நீர்த்த கந்தக அமிலம் கலந்த தண்ணீர் என்று ஆளறிந்து கழுவ வேண்டும். எண்ணெய் ஆவி தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கழுவிய தண்ணீரையும் சுத்தம் செய்யாமல் வெளியே விடக் கூடாது.

மற்றது கரி. நம் தமிழ்நாட்டுத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாரிக்கும் செறிவூட்டிய கரிக்கு இதில் நல்ல பெயர். அந்தக் கரி ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் நாலரை கிரவுண்ட். அவ்வளவு சுவரிலும் நாற்ற ஆவி ஒட்டிக்கொள்ளும். ஆனால் புகை சூடாக இருந்தால் ஒட்டாது, ஈரமாக இருந்தாலும் தகராறு. துளைகள் நிரம்பிய பிறகு கரியை மாற்றாவிட்டால் பிடித்ததையும் திருப்பி விட்டுவிடும். ஆய்வுக்கு வரும் அன்று புதுக் கரி, பிறகு வருடம் முழுவதும் அதே கரி என்றால் பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்று பொருள்.

வாசனைத் திரவியம் தெளித்து மறைப்பதும் ஒரு முறையாகச் சில இடங்களில் நடக்கிறது. கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் ஊதுவத்தி கொளுத்துவது போன்றதுதான். நஞ்சு குறைவதில்லை, இரண்டு வாடையும் சேர்ந்து தலைவலி வருவதே மிச்சம்.

ஆலைக்காரர் பக்கத்து நியாயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் மூக்கு தராசைப் போல் வேலை செய்வதில்லை. நாற்றத்தில் பத்தில் ஒன்பது பங்கை நீக்கிய பிறகும் தெருக்காரர் "இன்னும் நாறுகிறது" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை, ஆலைக்காரர் செலவு செய்ததும் பொய்யில்லை. கடைசிப் பத்தாவது பங்கை நீக்குவதுதான் கடினமான வேலை.

புகைபோக்கியின் உயரம் உதவும், ஆனால் காலநிலையும் ஒத்துழைக்க வேண்டும். மார்கழி, தை மாத விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும், மேலே வெப்பமான காற்று மூடிபோல் இருக்கும், புகை மேலேறாது. 2018 போகியன்று டயரும் குப்பையும் எரித்த புகை பனியோடு சேர்ந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும். விடியற்காலையில் உலை மூட்டுவதும் இந்தக் காரணத்தால் தொல்லை. உலையும் எரிப்பு அறையும் சூடேறும்வரை புகை அரைகுறையாகவே எரியும்.

மூடினால் தீருமா?

நாற்றம் வந்தவுடன் "மூடச் சொல்லுங்கள்" என்பது இயல்பு. அமெரிக்காவில் சிகாகோ நகரில் நடந்ததைப் பார்ப்போம். லிங்கன் பார்க் என்ற வசதியான பகுதியில் ஜெனரல் அயர்ன் என்ற பெரிய பழைய இரும்பு நிறுவனம் கார்களை நொறுக்கி வந்தது. நொறுக்கும் சூட்டில் பெயிண்டும் எண்ணெயும் ஆவியாகி நாறியதால் அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். 2018இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை விதிமீறல் அறிவிப்பு கொடுத்தது. 2019இல் அவர்கள் பெரும் செலவில் புகையை எரிக்கும் கருவி வைத்தார்கள். 2020 மே 18ஆம் நாள் அந்தக் கருவியிலேயே வெடிப்பு ஏற்பட்டது. எளிதில் தீப்பற்றும் ஆவி திடீரென்று அளவு மீறி வந்தால் இந்தக் கருவிகளில் அந்த அபாயம் உண்டு. அந்த ஆண்டு முடிவோடு அங்கே வேலை நின்றது. ஆலையைத் தென்கிழக்குப் பகுதியில், உழைக்கும் மக்கள் வாழும் இடத்துக்கு மாற்றத் திட்டமிட்டிருந்தார்கள். அங்குள்ளவர்கள் 2021இல் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர நிர்வாகம் அனுமதி மறுத்தது.

நம் ஊரிலும் ஒரு தெருவில் மூடினால் சரக்கு வேறு தெருவுக்கோ ஏரிக்கரை இருட்டுக்கோ போகும். காயலான் கடைக்காரரும் வியாபாரிதான், பல ஊர்களில் நம் சங்கங்களில் சந்தா கட்டும் உறுப்பினர். அனுமதி பெற்று, கவிகையும் எரிப்பு அறையும் வைத்து நடத்துகிறவரிடம் சரக்கு போய்ச் சேருவது எல்லோருக்கும் நல்லது. தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகள் பற்றிக் கொடுத்த தீர்ப்பில், சுத்திகரிப்பு செய்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்ற வழியைத்தான் வகுத்தது.

மூக்குக்குத் தெரியாதது

நாற்றம் இல்லை என்றால் கெடுதல் இல்லை என்று நினைப்பது ஆபத்து. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காகவே மெர்காப்டன் சேர்க்கிறார்கள். உலைப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, ஈயப்புகைக்கும் இல்லை. கென்யாவில் மொம்பாசா நகரின் ஓவினோ உஹுரு குடியிருப்பில், பழைய பேட்டரி உருக்கிய ஆலையால் குழந்தைகளின் உடலில் ஈயம் ஏறியது. 2020இல் நீதிமன்றம் 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. நம் கடை இன்வர்ட்டர் பேட்டரியைத் தெருவில் வரும் வண்டிக்காரரிடம் கூடுதலாக நூறு ரூபாய்க்குப் போடும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். பழைய பேட்டரியைத் திருப்பி வாங்கும் கடமை 2001ஆம் ஆண்டு விதிகளிலேயே வந்தது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

புகார் கொடுக்க நேர்ந்தால்

காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981இலிருந்து இருக்கிறது. புகாரைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் கொடுக்க வேண்டும். திறந்த வெளியில் எரிப்பதானால் தாம்பரம் மாநகராட்சியிடமும் கொடுக்கலாம். 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 பொருள்கள் உண்டு, அம்மோனியா, பென்சீன், ஈயம் எல்லாம் அதில் வரும். ஆனால் "நாற்றம்" என்று ஒரு அளவு அதில் இல்லை. மத்திய வாரியம் 2008இல் நாற்றம் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டதோடு சரி. ஜப்பானில் 1971லேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. அங்கே ஆட்களை மோந்து பார்க்க வைத்தும் நாற்றத்தை அளக்கிறார்கள். நம் தேயிலை ஏலத்தில் சுவை பார்ப்பவர் தரம் சொல்வதில்லையா, அதுபோலத்தான்.

"எப்போதும் நாறுகிறது" என்று எழுதிக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அதிகாரி வரும் நேரத்தில் காற்று வேறு பக்கம் வீசும். கடலூர் சிப்காட் பகுதிக் கிராம மக்கள் செய்ததைப் பின்பற்றலாம். அவர்கள் எந்த நாள், எந்த நேரம், எந்த மாதிரி நாற்றம், எந்த ஆலைப் பக்கமிருந்து என்று குறித்து வைத்தார்கள். காற்றைப் பையில் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். 2004இல் அந்த முடிவுகள் வெளிவந்தபோது ஆட்சேபம் சொல்வது எளிதாக இல்லை. நம்மிடம் கணக்குப் பேரேடு இருக்கிறது, எழுதும் பழக்கமும் இருக்கிறது. தேதி, மணி, காற்று வீசிய திசை, என்ன வாடை, எவ்வளவு நேரம், திரும்பி வந்த சரக்கு எவ்வளவு என்று ஒரு மாதம் எழுதினால், உலை மூட்டும் நேரத்தில் மட்டும் நாற்றம் வருகிறதா, இரவில் ஒயர் எரிக்கும்போதா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

கடைக்குள் செய்ய வேண்டியவை

எண்ணெய் டின்னைக் கவிழ்த்து இரவு முழுதும் வடியவிட்டு, தவிட்டால் துடைத்து, தட்டி மடக்கி எடைக்குப் போடுங்கள். ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைப்பது உணவுப் பாதுகாப்பு விதிப்படி கூடாது, ஆகவே மடக்கிவிடுவதே நல்லது. டின்னுக்குள் அட்டையும் பிளாஸ்டிக்கும் திணித்து எடை கூட்டி அனுப்பும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக்தான் உலையில் கருகி நம் தெருவுக்கே திரும்பி வருகிறது.

சரக்கில் முதலில் வாடை பிடிப்பது தேயிலை. அடுத்து காப்பித்தூள், நெய், வெண்ணெய், முந்திரி, கொப்பரை, மைதா, ரவை. கொழுப்புள்ள பொருளில் புகை வாடை ஏறினால் இறங்காது, வெயிலில் காயவைத்தாலும் போகாது. பாலிதீன் பையில் கட்டிவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கற்பூரப் பொட்டலத்தைப் பாருங்கள், பாலிதீனில் ஒட்டி வந்தாலும் அலமாரி முழுக்க மணக்கிறது. உள்ளிருந்து வெளியே வருவது போலவே வெளியிலிருந்து உள்ளேயும் போகும். அலுமினியத் தாள் ஒட்டிய உறை, இறுக்கி மூடும் தகர டப்பா, கண்ணாடி ஜாடி இவைதான் நிற்கும். தேயிலைப் பெட்டியைத் தெருவைப் பார்த்த வரிசையில் வைக்காமல் உட்பக்கச் சுவரோரம் வையுங்கள். மார்கழியில் விடியற்காலை வாடை இருக்கும் நாளில் கிடங்கின் சன்னலைத் திறக்காமல் வெயில் ஏறியபின், ஒன்பது மணிக்கு மேல், திறந்தால் போதும்.